பனோரமிக் சன்ரூஃப் ஒழுகினால் எங்கிருந்து தொடங்குவது

பனோரமிக் சன்ரூஃப், அதாவது கூரையில் பெரிய திறக்கும் கண்ணாடி உள்ள காரை விற்கும்போது ஷோரூமில் சொல்லாமல் விடும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்ணாடியைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பர் மழையை முழுக்கத் தடுப்பதற்காக வைத்ததில்லை. கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டி வரும் என்று தெரிந்துதான் கூரையையே அமைக்கிறார்கள். வரும் தண்ணீரை வாங்கிக்கொள்ளக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் இருக்கும். அதன் நான்கு மூலையிலும் பொதுவாக ஒவ்வொரு டியூப். முன்பக்க டியூப் இரண்டும் விண்ட்ஷீல்டின் இருபுறத் தூண்களுக்குள், அதாவது ஏ பில்லருக்குள் இறங்கி, முன்கதவின் கீல் பக்கமோ சக்கரத்தின் பக்கமோ தண்ணீரை வெளியே விடும். பின்பக்க டியூப்கள் பின்தூண் வழியாகப் பின் பம்பர் பக்கம் போய் முடியும்.

பழைய வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முற்றத்தில் மழை விழத்தான் செய்யும். மூலையிலிருக்கும் தூம்பு வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும் என்பதால் கூடம் நனைவதில்லை. தூம்பு அடைத்துக்கொண்டால்தான் வம்பு. கூரையின் ஓடுகளை மாற்றிப் பயனில்லை.

எங்கள் கார் ஒழுக ஆரம்பித்த பிறகுதான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். எந்தக் கார் என்று எழுதப்போவதில்லை. இந்த அமைப்பு எல்லாக் கம்பெனிக் கார்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பிரச்சினையும் அப்படித்தான். நம் நாட்டில் 2019இல் எம்.ஜி. ஹெக்டர், 2020இல் புதிய கிரெட்டா, 2021இல் எக்ஸ்யூவி700, 2022இல் மாருதி கிராண்ட் விட்டாரா என்று வரிசையாகப் பெரிய கண்ணாடிக் கூரையோடு வண்டிகள் வந்தன. முதலில் விற்றவற்றில் பல இப்போது வாரண்டி முடிந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

நாங்கள் இருப்பது பெங்களூர் ஜீவன்பீமாநகரில். வீட்டுக்குள் பார்க்கிங் கிடையாது, தெருவோரம்தான். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பெரிய புங்கமரம். இங்கே ஹொங்கே என்பார்கள். வெயில் காலத்துக்கு அதைவிட நல்ல நிழல் கிடைக்காது. ஆனால் மார்ச் தாண்டியதும் அதன் பொடிப் பூக்கள் வண்டி மேல் கொட்ட ஆரம்பிக்கும். காலையில் துடைத்தால் மாலையில் மறுபடியும் கூரை முழுக்கப் பூ. கண்ணாடி ஓரத்து இடுக்கில் விழுந்த பூவைத் துணியால் எடுக்க முடியாது. அது காய்ந்து, தூசியோடு சேர்ந்து, மே மாதத்து முதல் மழையில் குழைந்து, நேராக டியூபின் வாய்க்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. பெங்களூரில் மரத்தடியில் வண்டி நிறுத்தாதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. மரமில்லாத தெரு எங்கே இருக்கிறது? குல்மொஹர், தூங்குமூஞ்சி, டபேபுயா, எதுவாக இருந்தாலும் கொட்டுவது கொட்டத்தான் செய்யும்.

ஒரு மே மாத மழையில் உள்விளக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டோம். டியூப் அடைத்திருக்கிறது என்று சரியாகவே சொன்னார்கள். ஏர் கன் வைத்து ஊதிச் சுத்தம் செய்து, மேலே பிரஷர் வாஷ் அடித்துப் பார்த்து, ஒழுகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூரையிலிருந்து அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆனால் சில வாரம் கழித்து, மழையில்லாத ஒரு நாளில், முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி, "என்னங்க, செருப்பைக் கழட்டினா கால் நனையுது" என்றார். கால் வைக்கும் மேட்டைத் தூக்கினால் அடியில் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. கதவு தானாகப் பூட்டிக்கொள்வதும் திறந்துகொள்வதும் அதே வாரத்தில்தான் ஆரம்பித்தது.

மறுபடி அதே சென்டர். இந்த முறை சர்வீஸ் அட்வைசர் சொன்ன வைத்தியம் வேறு. சன்ரூஃப் அசெம்பிளியையே மாற்ற வேண்டும், கண்ணாடி, ரயில், மோட்டார், ஃபிரேம் எல்லாம் ஒரே செட்டாகத்தான் வரும், கூரை லைனிங்கை இறக்க வேண்டும் என்றார். எஸ்டிமேட் ஒரு லட்சத்தை நெருங்கியது. வாரண்டி முடிந்திருந்தது. "தண்ணி எந்த இடத்துல உள்ள வருதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "அசெம்பிளி லீக் சார்" என்பதைத் தாண்டிப் பதில் இல்லை. எங்கே ஒழுகுகிறது என்று காட்டாமல் பாகத்தை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. இந்த முழு அனுபவத்திலும் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

லிங்கராஜபுரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். வண்டியைப் பார்த்ததும் மேலே ஏறிக் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கவில்லை. "கண்ணாடியை அப்புறம் பாப்போம் தம்பி. மொதல்ல தண்ணி எங்க போவுதுன்னு பாப்போம்" என்றார். சன்ரூஃபைத் திறந்துவைத்து, குடிக்கிற தண்ணீர் பாட்டிலிலிருந்து வலப்பக்க முன்மூலை வாய்க்காலில் மெதுவாக ஊற்றினார். கீழே குனிந்திருந்த பையன், "வருதுண்ணே" என்றான். பின்மூலை இரண்டிலும் வந்தது. இடப்பக்க முன்மூலையில் ஊற்றியபோது மேலே தண்ணீர் சர்ரென்று இறங்கிவிட்டது, ஆனால் வண்டிக்கு வெளியே எங்கேயும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே கால் வைக்கும் இடத்தில் கசிந்தது.

அதாவது டியூப் அடைக்கவில்லை, கழன்றிருக்கிறது. ஏ பில்லர் மூடியைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டு, நன்றாகக் காத்திருந்துவிட்டுத்தான் கை வைத்தார். பல கார்களில் அந்தத் தூணை ஒட்டியே கர்ட்டன் ஏர்பேக், அதாவது விபத்தில் பக்கவாட்டில் விரியும் காற்றுப்பை ஓடுகிறது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பும் இடம் அது இல்லை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

மூடி வந்ததும் அவர் டார்ச் அடித்துக் காட்டினார். மேலே ஃபிரேமிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மூக்கில் டியூப் மாட்டியிருக்க வேண்டும். அது அதிலிருந்து விலகி அரை விரல் தள்ளித் தொங்கியது. தூணின் இரும்பில் தண்ணீர் வழிந்த தடம் பழுப்பாகத் தெரிந்தது. டியூபின் கீழ்முனையில் ஒரு ரப்பர் வாய் உண்டு. வெளியிலிருந்து சேறும் பூச்சியும் ஏறாமல் இருக்கச் சின்னக் கீறல் மட்டும் விட்டு மூடியிருக்கும். அதை விரலால் பிதுக்கியதும் கறுப்புச் சேறு புழுவாக வந்து விழுந்தது. உள்ளே காம்போடு புங்கம்பூ, அடையாளம் தெரியும் அளவுக்கு. கீழ்வாய் இப்படி அடைத்திருக்க, மேலிருந்து காற்றை முழு வேகத்தில் அடித்தால் காற்றுக்குப் போக வழியில்லை. டியூப் மூக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவது அப்போதுதான். மேலே ஒழுகுவது நின்றதற்கும் கீழே நனைந்ததற்கும் காரணம் ஒன்றே என்பது அங்கே நின்றபோது விளங்கியது. தண்ணீர் தேங்காமல் இறங்கியது, ஆனால் வண்டிக்குள்ளேயே இறங்கியது.

அதனால் கம்ப்ரஸர் காற்றை நான் ஒத்துக்கொள்வதில்லை. குறைந்த அழுத்தத்தில் பக்குவமாக ஊதுபவர்கள் இருக்கலாம், ஆனால் பில்லரைக் கழற்றாமல் உள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியாது. அண்ணன் பயன்படுத்தியது புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கம்பி. முனையைத் தீயில் காட்டி மழுங்கடித்து, கீழ்வாயைச் சுத்தம் செய்த பிறகு, மேலிருந்து மெதுவாக விட்டு எடுத்தார். இரும்புக் கம்பி, சைக்கிள் பிரேக் கேபிள் எல்லாம் டியூபைக் கிழித்துவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். டியூபை மூக்கில் மாட்டிச் சின்ன கிளிப் போட்டார்.

வேலை அதோடு முடியவில்லை. பெரிய வேலை கார்ப்பெட்தான். முன்சீட்டைக் கழற்றித் தரை மேட்டிங்கைத் தூக்கினால் அதற்குக் கீழே தடித்த ஃபோம். மேலே துணி காய்ந்துபோயிருந்தாலும் ஃபோமை அழுத்திய இடத்தில் தண்ணீர் குளம் கட்டியது. வெயிலில் வண்டிக் கதவைத் திறந்துவைத்தால் காய்ந்துவிடும் என்பது பலர் நம்பிக்கை. காயாது. வெளியே எடுத்துப் போட்டுக் காயவைக்க வேண்டும். அந்த ஃபோமுக்கு அடியில் ஓடிய ஒயரிங் கனெக்டரில் பின்கள் பச்சை பூத்திருந்தன. கதவுப் பூட்டு தன் இஷ்டத்துக்கு ஆடியது அதனால்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்ததில் சரியானது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் கன்ட்ரோல் யூனிட்டே போயிருக்கும் என்றார். சீட்டுக்கு அடியிலும் கால்பக்க ஓரத்திலும் எலக்ட்ரானிக்ஸ் வைக்கிற கார்கள் நிறைய. ஆக, சன்ரூஃப் ஒழுகலை வெறும் ஈரம் என்று எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. கண்ணாடி உள்பக்கம் காரணமில்லாமல் ஆவி பிடிப்பது, ஏசி போட்டதும் புழுங்கல் வாடை, எப்போதோ எரிந்து அணையும் வார்னிங் விளக்கு, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் மேட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள்.

மொத்தம் சில ஆயிரம் ரூபாயில் முடிந்தது. லட்ச ரூபாய் அசெம்பிளி மாற்றியிருந்தாலும், அந்த டியூபைச் சரியாக மாட்டாமல் விட்டிருந்தால் மறுபடி நனைந்திருக்கும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் சன்ரூஃப் பாதி வந்து நின்று திரும்பிப் போனது. பயப்பட வேண்டாம், மோட்டார் தன் தொடக்க இடத்தை மறந்துவிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலான கார்களில் மூடும் சுவிட்சைக் குறிப்பிட்ட நேரம் விடாமல் அழுத்திப் பிடித்தால், கண்ணாடி ஒரு முறை முழுதாகத் திறந்து மூடித் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். முறை காருக்குக் கார் மாறும், ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். இதற்காகவே மோட்டார் மாற்றியவர்களைத் தெரியும் என்று அண்ணன் வருத்தப்பட்டார். இந்தக் கணக்கு சரியாக இல்லாவிட்டால், குழந்தையின் கை குறுக்கே இருந்தால் கண்ணாடி தானாக நின்று திரும்பும் பாதுகாப்பும் ஒழுங்காக வேலை செய்யாது. ஆகவே பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிடுங்கள்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு தரம் சன்ரூஃபைத் திறந்து, ரயிலையும் வாய்க்காலையும் ஈரத்துணியால் துடைத்தால் பாதிப் பிரச்சினை வராது. சத்தம் வந்ததும் டபிள்யூடி 40 ஸ்ப்ரே அடிப்பது கெட்ட பழக்கம். உள்ளே கம்பெனி வைத்த கிரீஸை அது கரைத்துவிடும். சில நாள் சத்தம் நின்று, பிறகு இன்னும் அதிகமாக வரும். ரயிலுக்குக் கம்பெனி சொல்லும் கிரீஸ், பீடிங் ரப்பருக்கு சிலிக்கான் அடிப்படையிலான டிரஸ்ஸிங். பெட்ரோலியம் கலந்த எதையும் ரப்பரில் தடவக் கூடாது, உப்பிவிடும். ரயிலில் ஓடும் பிளாஸ்டிக் கைடு உடைந்து கண்ணாடி கோணலாக நின்றால்தான் உண்மையிலேயே செலவு. பல கம்பெனிகள் அந்தச் சின்னப் பிளாஸ்டிக்கைத் தனியாக விற்பதில்லை. கண்ணாடி சிக்கும்போது சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாமல் நிறுத்திவிட்டால் கண்ணாடியை இழுக்கும் கேபிளாவது தப்பும்.

இன்னொன்று: ஒழுகுகிறது என்றால் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பேஸ்ட் போட்டு அடைத்துவிடுகிறேன் என்று சொல்லும் கடைகள் ஜே.சி. ரோட்டில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு. வேண்டாம். அதற்குப் பிறகு கண்ணாடி திறக்காது, வாய்க்காலைச் சுத்தம் செய்ய வழியிருக்காது. வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் கூரையில் அந்த பேஸ்ட் ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தால் தண்ணீர் பழையபடி உள்ளேதான் வரும். 2023இல் ஒருவர் மஹிந்திராவின் ஸ்கார்ப்பியோ-என் (Scorpio-N) வண்டியை அருவிக்கு அடியில் நிறுத்தி, உள்ளே ஸ்பீக்கர் வழியாகத் தண்ணீர் கொட்டிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பிறகு மஹிந்திரா வேறொரு வண்டியை அதே அருவிக்கு அடியில் நிறுத்தி ஒன்றும் ஆகவில்லை என்று காட்டியது. அந்தச் சர்ச்சைக்குள் போகவில்லை. ஆனால் மழைக்குப் போட்ட வாய்க்காலுக்கும் டியூபுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சன்ரூஃப் ஓரத்தில் பிரஷர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடிக்கும் வாட்டர் சர்வீஸ் பையனிடம் அதை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி உடைவது வேறு கதை. என் அலுவலக நண்பர் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போகும்போது டமார் என்று சத்தம். மேலிருந்து எதுவும் விழவில்லை. வெயிலுக்காக உள்திரையை மூடிவைத்திருந்ததால் துண்டுகள் திரைமேல் தங்கின, பின்சீட்டில் இருந்த மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. டெம்பர்டு கண்ணாடியின் குணம் அது: உடைந்தால் முழுவதும் பொடித் துண்டாகும். ஓரத்தில் கல்பட்ட சின்னச் சிராய்ப்பு, பொருத்தும்போது ஏற்பட்ட அழுத்தம், தயாரிப்பின்போதே உள்ளே தங்கிப்போன நிக்கல் சல்ஃபைடு துகள், இதில் எது காரணமாக இருந்தாலும் திடீரென்று, தானாக உடைந்தது போலவே தெரியும். அமெரிக்காவில் 2012 மாடல் ஹூண்டாய் வெலோஸ்டர் கார்களை, பொருத்தும்போதே கூரைக் கண்ணாடி பலவீனமாகியிருக்கலாம் என்று கம்பெனியே திரும்ப அழைத்திருக்கிறது. லேமினேட்டட் கண்ணாடி என்றால் உடைந்தாலும் நடுவிலிருக்கும் படலம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி மூலையில் அச்சடித்திருக்கும் குறியில் பெரும்பாலும் இந்த விவரம் இருக்கும். டெம்பர்டு என்றால் ஹைவேயில் போகும்போது உள்திரையை மூடிக்கொண்டு போவதே நல்லது. ஆசைக்கு வாங்கிய வானத்தை மூடிக்கொண்டு போவதா என்று வீட்டில் கேட்டார்கள். ஹெப்பால் பாலம் தாண்டியதும் மூடிவிடுகிறோம், நந்தி மலைக்குக் கீழே போய்த் திறந்துகொள்கிறோம்.

இன்சூரன்ஸில் கண்ணாடி உடைவதும் தண்ணீர் ஒழுகுவதும் இரண்டு விதம். விபத்தாகக் கண்ணாடி உடைந்தால் ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பாலிசியில் கிளெய்ம் செய்யலாம். வழக்கமான பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருந்தால் அது மிச்சம். ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயமாக நாம் போட வேண்டிய பங்கு 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவது. உடைந்ததும் துண்டுகளைக் கூட்டித் தள்ளாமல், போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை அப்படியே வைத்திருந்ததால் நண்பருக்குச் சிக்கல் வரவில்லை. டியூப் அடைத்து ஒழுகுவதும் மோட்டார் போவதும் தேய்மானம், மெக்கானிக்கல் பழுது என்ற கணக்கில் வரும். வழக்கமான பாலிசி அதற்குத் தராது. எக்ஸ்டென்டட் வாரண்டி எடுப்பவர்கள் சன்ரூஃப் மோட்டாரும் ரயிலும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. பீடிங் ரப்பரை அநேகமாக விட்டிருப்பார்கள். வாரண்டி இருக்கும்போதே ஒழுகினால் சர்வீஸ் சென்டர் வேலையைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் "தண்ணீர் கசிவு" என்று ஒவ்வொரு முறையும் எழுத வைத்து நகலை வாங்கி வையுங்கள். மூன்றாம் முறை போகும்போது அதே குறை திரும்பத் திரும்ப வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன மாதம் இன்னொரு நண்பருக்காகப் பழைய கார் பார்க்க ஓசூர் ரோடு பக்கம் போனோம். முதல் வண்டியில் பெர்ஃப்யூம் வாடை தூக்கியடித்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்தேன். வழக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்புக் கறை, ஓரத்தில் பூஞ்சை. மேட்டுக்குக் கீழே துணி புதிதாக இருந்தது, அழுத்தினால் ஃபோம் ஈரம். மேலே ஏறிப் பார்த்தால் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு சிலிக்கான். விலை பேசாமல் வந்துவிட்டோம். அடுத்துப் பார்த்த வண்டியில், டீலரிடம் கேட்டு, நான்கு மூலையிலும் பாட்டில் தண்ணீர் ஊற்றினோம். மூன்றில் உடனே வெளியே வந்தது, பின்பக்கம் ஒன்றில் மெதுவாகத்தான் சொட்டியது. அதைச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைத்து நண்பர் வாங்கினார். அந்த வண்டி இப்போது லிங்கராஜபுரத்தில் அண்ணனிடம் நிற்கிறது.